ஹீமோகுளோபின் பாதிதான் தெரிகிறதா? மூலக்கூற்றுப் படங்களுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய வட ஆற்காட்டில் புரதக் கட்டமைப்பைப் பாடமாக நடத்த உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வேலூரில் சி.எம்.சி. இருப்பதால் ஹீமோகுளோபின் என்ற சொல் ஆட்டோக்காரர் வரைக்கும் தெரியும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஊர்கள் சுற்றிலும் இருப்பதால், தோலின் முக்கியப் புரதமான கொலாஜனும் அயல் சரக்கு இல்லை. ஆகவே இந்த வழிமுறையில் பெரும்பாலும் இந்த இரண்டு புரதங்களே வரும். மற்றப் புரதங்களுக்கும் கோளாறு இதே மாதிரிதான் வரும், தீர்வும் இதே மாதிரிதான்.

மென்பொருள் என்று பேசும்போது, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பைமாலும் கைமெராஎக்ஸும்தான் கணக்கு. கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், அடிக்கோட்டையும் காற்புள்ளியையும் அப்படியே வைத்து அடியுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். படம் அசிங்கமாக வந்தால் பெரிய ஆபத்து இல்லை, யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அழகாக வந்து தப்பாக இருக்கும் படம்தான் ஆய்வேட்டிலும் வகுப்பிலும் வருஷக்கணக்கில் ஓடும். அதனால் கீழே திரைக் கோளாறுகளுக்குக் குறைவாகவும், கோப்புக்கும் படத்துக்கும் ஒத்துப்போகாத கோளாறுகளுக்கு நிறையவும் இடம் கொடுத்திருக்கிறோம்.

அறிகுறி: திறந்ததும் கறுப்புத் திரை, அல்லது கோப்பே இறங்கவில்லை

கைமெராஎக்ஸுக்கு ஓப்பன்ஜிஎல் 3.3 தேவை. கல்லூரி லேபில் இருக்கும் பழைய கணினியில் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் பாதிக்குப் பாதி சரியாகிவிடும். ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திறந்தாலும் இதே கறுப்புத் திரை வரும், அங்கே டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கணினி முன்னாலேயே உட்கார்ந்து திறந்து பாருங்கள்.

பைமாலில் «ஃபெட்ச்» கொடுத்தால் கோப்பு வரவில்லை, ஆனால் பிரவுசரில் இணையம் ஓடுகிறது என்றால் கல்லூரி பிராக்ஸி தடுக்கிறது என்று அர்த்தம். ஆர்சிஎஸ்பி, பிடிபிஇ, பிடிபிஜே என்ற மூன்று புரதக் கட்டமைப்புத் தரவுத் தளங்களில் எதிலிருந்தும் பிரவுசரிலேயே, அணுக்களின் இடங்களை எழுதிவைத்த சிஐஎஃப் கோப்பை இறக்கி, ஓப்பன் மெனு வழியாகத் திறந்துகொள்ளலாம். மூன்று இடத்திலும் இருப்பது ஒரே தரவுதான். பழைய பிடிபி வடிவத்தைவிட சிஐஎஃப் நல்லது. பிடிபி வடிவத்தில் 99,999 அணுக்களுக்கு மேல் இடமில்லை. ரைபோசோம் போன்ற பெரிய கட்டமைப்பு அதில் கிடைக்காது.

அறிகுறி: ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலி இருக்க வேண்டும், இரண்டுதான் தெரிகிறது

1எச்எச்ஓ என்ற ஆக்சி ஹீமோகுளோபின் கோப்பைத் திறந்த எல்லோருக்கும் இது வரும். தரவுத் தளத்தின் இணையப் பக்கத்தில் நான்கும் தெரியும், பைமாலில் ஒரு ஆல்ஃபா, ஒரு பீட்டா மட்டும். உடனே கோப்பு கெட்டுவிட்டதாக நினைத்து மறுபடி இறக்குவார்கள். கோப்பில் கோளாறு இல்லை.

படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அலகைத்தான் கோப்பில் எழுதுகிறார்கள். இந்தப் படிகத்தில் டெட்ராமரின், அதாவது நான்கு சங்கிலி சேர்ந்த முழு மூலக்கூற்றின், ஒரு பாதி, மறு பாதியின் சமச்சீர் நகல். எனவே பாதியின் அணுக்களை மட்டும் எழுதி, மறு பாதியை எப்படிச் சுழற்றிப் பெறுவது என்ற கணக்கைக் கூடவே வைத்துவிடுவார்கள். இணையப் பக்கம் அந்தக் கணக்கைப் போட்டு முழுசாகக் காட்டுகிறது. பைமால் நீங்கள் கேட்டால்தான் போடும்.

கைமெராஎக்ஸில் கோப்பைத் திறந்த பின் «சிம் #1 அசெம்ப்ளி 1» என்று அடித்தால் போதும். பைமாலில் «ஃபெட்ச் 1எச்எச்ஓ, டைப்=பிடிபி1» என்று கொடுங்கள். இங்கே ஒரு சறுக்கல் உண்டு: இப்படி வரும் கோப்பில் இரண்டு பாதியும் இரண்டு தனி நிலைகளாக இருக்கும், பைமால் முதல் நிலையை மட்டும் காட்டும். ஆகவே திரும்பவும் பாதிதான் தெரியும். «செட் ஆல்_ஸ்டேட்ஸ், ஆன்» கொடுத்தால் முழு மூலக்கூறு வந்துவிடும். பாதிகளுக்குத் தனித்தனி நிறம் வேண்டுமென்றால் «ஸ்பிளிட்_ஸ்டேட்ஸ்» கொடுத்து இரண்டு பொருளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையெல்லாம் இல்லாமல் வகுப்புக்கு ஒரு முழு டெட்ராமர் போதும் என்றால் 4எச்எச்பி எடுங்கள். 1.74 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) பிரிதிறன், நான்கு சங்கிலியும் கோப்பிலேயே இருக்கிறது: ஏ, சி இரண்டும் 141 அமினோ அமிலம் கொண்ட ஆல்ஃபா, பி, டி இரண்டும் 146 கொண்ட பீட்டா. ஆனால் அது ஆக்சிஜன் இல்லாத நிலை. «நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின்» என்று அதற்குக் கீழே எழுதிவிடாதீர்கள்.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. 2எச்பிஎஸ், அதாவது அரிவாள் செல் ஹீமோகுளோபின், திறந்ததும் எட்டுச் சங்கிலி காட்டும். அது இரண்டு டெட்ராமர். «ஒன்று போதுமே» என்று பாதியை அழித்தால் அந்தக் கட்டமைப்பைப் பார்ப்பதன் பயனே போய்விடும். ஒரு டெட்ராமரின் பீட்டாவில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வந்த 6-ஆம் வாலின், அடுத்த டெட்ராமரின் பள்ளத்தில் போய் உட்காருவதைத்தான் அங்கே காட்ட வேண்டும். பீட்டாவின் 6-ஆம் வாலின்களைத் தேர்ந்தெடுத்து, சுற்றி 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வேறு சங்கிலி வருகிறதா என்று பாருங்கள்; பக்கத்து பீட்டாவின் 85-ஆம் ஃபினைல் அலனினும் 88-ஆம் லியூசினும் சிக்கினால் அதுதான் இடம். எல்லா வாலினுக்கும் இந்த ஜோடி கிடைக்காது. ஒரு டெட்ராமரில் உள்ள இரண்டில் ஒன்றுதான் இப்படிப் பக்கவாட்டில் பொருந்துகிறது, அதனால் ஒன்றில் காணோமென்று பதற வேண்டாம்.

அறிகுறி: பீட்டா 6-இல் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும், வேறெதோ இருக்கிறது

4எச்எச்பி-யில் பி சங்கிலியின் 6-ஐத் தேர்ந்தெடுத்தால் குளூட்டாமிக் அமிலம் சரியாக வரும். அதே பீட்டாவை, புரத வடிவங்களைக் கணினியால் கணித்து வைத்திருக்கும் ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்திலிருந்து, பி68871 என்ற யூனிபுராட் (புரத வரிசைத் தளம்) எண்ணில் எடுத்தால் 6-இல் புரோலின் நிற்கும். ஒரு படி தள்ளிப் போயிருக்கிறது.

காரணம், மரபணு வரிசை மெத்தியோனினில் தொடங்குகிறது. ரத்தத்தில் ஓடும் புரதத்தில் அந்த மெத்தியோனின் வெட்டப்பட்டுவிடும். பழைய எண்ணிக்கை வாலினை 1 என்று வைக்கிறது, மரபணு எண்ணிக்கை மெத்தியோனினை 1 என்று வைக்கிறது. அதனால்தான் பாடப்புத்தகத்தில் «6-ஆம் இடம்» என்று படிக்கும் அரிவாள் செல் மாற்றம், மரபணுப் பரிசோதனை அறிக்கையில் 7-ஆம் இடம் என்று வருகிறது. இரண்டும் சரி. படத்தில் எந்த எண்ணிக்கையைப் பின்பற்றுகிறீர்கள் என்று விளக்கக் குறிப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

எந்தப் புரதத்துக்கும் சோதனை ஒன்றுதான்: எண்ணை நம்பிப் பெயர் ஒட்டக்கூடாது. டிஸ்பிளே மெனுவில் சீக்வென்ஸைத் திறந்து, குறியிடப்போகும் அமினோ அமிலத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று எழுத்து வாசித்து, கட்டுரையில் உள்ள வரிசையோடு பொருத்திப் பாருங்கள். இதற்கு அரை நிமிடம் ஆகும்.

அறிகுறி: ஹீம் காணோம், அல்லது இரும்பு தனியாக மிதக்கிறது

ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்துக் கோப்பென்றால் ஹீமை, அதாவது ஆக்சிஜனைப் பிடிக்கும் இரும்புள்ள தொகுதியை, தேடவே வேண்டாம். அங்கே இருப்பது புரதச் சங்கிலியின் கணிப்பு மட்டும். ஹீம் உட்காரும் பள்ளம் சரியாக இருக்கும், ஹீம் இருக்காது.

சோதனைக் கட்டமைப்பில் காணோமென்றால் தண்ணீரைத் துடைக்கும்போது ஹீமையும் சேர்த்துத் துடைத்திருப்பீர்கள். «ரிமூவ் ஹெட்டாட்ம்» என்ற கட்டளை எல்லோருக்கும் பழகிப்போனது, ஆனால் அது சல்லடை இல்லாத வழி: தண்ணீர், ஹீம், பாஸ்பேட், மாற்றப்பட்ட அமினோ அமிலங்கள் எல்லாம் ஒரே வீச்சில் போய்விடும். தண்ணீர் மட்டும் போக «ரிமூவ் சால்வென்ட்». பாஸ்பேட் போன்றவை போக «ரிமூவ் இனார்கானிக்». ஹீமின் இரும்பு ஹீம் என்ற ரெசிடியூவுக்குள்ளேயே (கோப்பில் ஒரே பெயரில் வரும் அணுத் தொகுப்பு) இருப்பதால் இந்த இரண்டிலும் அது பத்திரமாக இருக்கும்.

இரும்புக்கும் ஹிஸ்டிடினுக்கும் நடுவே கோடு இல்லை என்பது வேறு கோளாறு. உலோகப் பிணைப்பைச் சில கோப்பில் மென்பொருள் வரையும், சிலவற்றில் வரையாது. ஆல்ஃபாவில் 87, பீட்டாவில் 92, இவைதான் இரும்பைப் பிடிக்கும் ஹிஸ்டிடின்கள். இடைவெளியை அளந்து, சுமார் 2.1 ஆங்ஸ்ட்ராம் வந்தால் புள்ளிக்கோடு போடுங்கள். ஆல்ஃபா 58, பீட்டா 63 எதிர்ப்பக்கத்து ஹிஸ்டிடின்கள். அவை இரும்பைத் தொடுவதில்லை, அங்கே கோடு போட்டுவிட்டால் பாடமே மாறிவிடும். 4எச்எச்பி-யில் இரும்பு ஹீம் தளத்திலிருந்து சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம் விலகி நிற்பதையும் பிழையென்று இழுத்துச் சரி செய்ய வேண்டாம். ஆக்சிஜன் இல்லாதபோது அது அப்படித்தான் நிற்கும்.

அறிகுறி: கொலாஜனைத் திறந்தால் மூன்று ஒல்லி நூல்தான், சுருள் நாடா எங்கே?

தோல் தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி. 1சிஏஜி என்ற 1994-ஆம் ஆண்டுக் கட்டமைப்பைத் திறந்தால் ஆல்ஃபா சுருளுக்கு வரும் கொழுத்த நாடா வராது. மென்பொருள் நாடா போடுவது ஹைட்ரஜன் பிணைப்புகளின் ஒழுங்கைப் பார்த்து. ஆல்ஃபா சுருளுக்கும் பீட்டா தாளுக்கும் உரிய ஒழுங்கு அதற்குத் தெரியும், கொலாஜனின் மூவிழைச் சுருள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே «ஒழுங்கற்ற வளையம்» என்று முடிவு கட்டி நூலாக வரைந்துவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954–55-இல் வகுத்துச் சொன்ன மூவிழைச் சுருளை, இன்றைய மென்பொருள் ஒழுங்கற்றதென்று வரைகிறது!

இதைச் சரிசெய்ய மூன்று சங்கிலிக்கும் மூன்று நிறம் கொடுங்கள். பைமாலில் «செட் கார்ட்டூன்_லூப்_ரேடியஸ், 0.6» போட்டால் நூல் தடித்துக் கயிறாகிவிடும். சிலர் எல்லா அமினோ அமிலத்தையும் «ஹீலிக்ஸ்» என்று கையால் மாற்றி நாடா வரவழைப்பார்கள். அது வேண்டாம். பார்க்கிறவர் ஆல்ஃபா சுருள் என்றே எடுத்துக்கொள்வார், கொலாஜனில் ஒவ்வொரு இழையும் இடக்கைச் சுருள், மூன்றும் சேர்ந்து முறுக்குவது வலக்கை.

நூல் இடையிடையே அறுந்து தெரிந்தால், மறுபடியும் அந்த «ரிமூவ் ஹெட்டாட்ம்»தான் காரணம். கொலாஜனில் வரும் ஹைட்ராக்ஸிபுரோலின் கோப்பில் ஹெட்டாட்ம் வரியாக எழுதப்பட்டிருக்கும். 1சிஏஜி-யில் ஒரு இழையின் 30 அமினோ அமிலத்தில் 10 அதுவே. மூன்றில் ஒரு பங்கை அழித்துவிட்டு நூல் அறுந்ததென்று சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குரோம் பதனிடுதலை விளக்க, இந்த 1சிஏஜி மேலேயே பச்சைக் குரோமியம் உருண்டைகளை ஒட்டி வைத்த படங்கள் சுற்றுகின்றன. குரோமியம்(III) பிடித்துக்கொள்வது ஆஸ்பார்டிக், குளூட்டாமிக் அமிலங்களின் கார்பாக்ஸில் தொகுதியை. 1சிஏஜி செயற்கைப் பெப்டைடு. அதில் புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின், கிளைசின், நடுவில் ஒரு அலனின், அவ்வளவுதான். குரோமியம் உட்கார அங்கே பக்கச் சங்கிலியே இல்லை. அந்தப் படம் வேண்டுமென்றால் கையால் வரைந்த திட்டப்படமாகப் போட்டு, «அளவுப்படி அல்ல» என்று எழுதிவிடுங்கள். அணுக் கட்டமைப்பின் மேல் ஒட்டினால் அது கண்ட உண்மை மாதிரி நிற்கும்.

அறிகுறி: கோப்பைக் கொஞ்சம் திருத்தினேன், அணுக்கள் சிதறிவிட்டன

பிடிபி கோப்பு கட்டம் எண்ணி எழுதப்படுவது. ஒரு வரியில் எக்ஸ் ஆயத்தொலை 31 முதல் 38 வரை, ஒய் 39 முதல் 46, இசட் 47 முதல் 54. வேர்டிலோ எக்செலிலோ திறந்து சேமித்தால் இடைவெளிகள் மாறி எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப்போகும். நோட்பேட்++ போன்ற எளிய எடிட்டரில், ஒரே அகல எழுத்துருவில் திறந்து, ஓவர்டைப் முறையில்தான் கை வைக்க வேண்டும்.

இதில் நுணுக்கமான கோளாறு கால்சியம். புரதச் சங்கிலியின் ஆல்ஃபா கார்பனுக்கும் கால்சியத்துக்கும் கோப்பில் ஒரே இரண்டெழுத்துக் குறிதான். எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்பதில்தான் வித்தியாசம்: 13-இல் தொடங்கினால் கால்சியம், 14-இல் தொடங்கினால் ஆல்ஃபா கார்பன். ஒரு இடைவெளி அழிந்தால் புரதம் முழுக்கக் கால்சியம் உருண்டைகளாக மாறிவிடும், அல்லது நிஜக் கால்சியம் கார்பனாகிப் பிணைப்புத் தேடும். 77, 78-ஆம் கட்டங்களில் தனிமக் குறி இருந்தால் மென்பொருள் அதை நம்பும், சில பழைய நிரல்கள் அந்த இரண்டு கட்டத்தையும் எழுதாமலே விட்டுவிடும்.

அறிகுறி: ஒரே பக்கச் சங்கிலி இரண்டாகத் தெரிகிறது, நடுவில் சங்கிலி அறுந்திருக்கிறது, இருபது நிழல் ஒன்றன் மேல் ஒன்று

மூன்றும் கோப்பில் உள்ளதைத்தான் காட்டுகின்றன. இரட்டைப் பக்கச் சங்கிலி என்பது படிகத்தில் இரண்டு நிலையில் பார்க்கப்பட்டது. படத்துக்கு ஒன்று போதுமென்றால் பைமாலில் «ரிமூவ் நாட் ஆல்ட் ''+ஏ», இந்த ஏ மட்டும் பெரிய எழுத்து. அறுந்த இடம் என்பது எலக்ட்ரான் அடர்த்தி தெளிவில்லாமல் விடுபட்ட அமினோ அமிலங்கள், பிடிபி வடிவக் கோப்பின் ரிமார்க் 465 பகுதியில் அவற்றின் பட்டியல் இருக்கும். புள்ளிக்கோடாகவே விடுங்கள், அழகுக்காக முழுக்கோடு போட்டு இணைக்க வேண்டாம். இருபது நிழல் என்பது படிகமில்லாமல் காந்த அலைவு முறையில் (என்எம்ஆர்) கண்ட கட்டமைப்பு, ஒரே கோப்பில் பல மாதிரிகள் இருக்கும். முதல் மாதிரியை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அல்லது நெகிழ்வைக் காட்ட எல்லாவற்றையும் மெல்லிய கோடாக வைக்கலாம்.

அறிகுறி: சிறு மூலக்கூறு அப்பளம் மாதிரி தட்டையாக இருக்கிறது

கெம்ஸ்கெட்ச் என்ற வரைபட மென்பொருளில் வரைந்ததை, அல்லது பப்கெம் வேதித் தரவுத்தளத்தின் இருபரிமாணக் கோப்பை, நேரே முப்பரிமாண மென்பொருளில் திறந்தால் இப்படி வரும். அந்த எஸ்டிஎஃப் வடிவக் கோப்பை நோட்பேடில் திறந்து, அணுக்களின் மூன்றாவது எண் நெடுவரிசையைப் பாருங்கள். எல்லாம் 0.0000 என்றால் அதில் உயரமே இல்லை.

பப்கெமில் முப்பரிமாணக் கோப்பைத் தனியாகக் கேட்டு இறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அது கிடைக்காது. ஹைட்ரஜன் நீங்கலாக 50 அணுவுக்கு மேல் போனால் அங்கே முப்பரிமாணம் போடுவதில்லை. ஆவாரம் பட்டை டானினின் அடிப்படை அலகான கேட்டச்சினில் அப்படி 21 அணுதான், கிடைக்கும். கடுக்காய் வகை டானினுக்கு உதாரணமாகக் காட்டும் டானிக் அமிலத்தில் 122 அணு, கிடைக்காது. அதற்கு ஓப்பன் பேபல் என்ற கோப்பு மாற்றும் நிரலில் «ஜென்3டி» தெரிவு கொடுத்து உருவாக்கி, பிறகு அவோகட்ரோ என்ற மூலக்கூறு எடிட்டரில் எம்எம்எஃப்எஃப்94 விசைப்புலத்தில் சீராக்குங்கள். தட்டையான கோப்பை நேரே அவோகட்ரோவில் சீராக்கினால் பல சமயம் தட்டையாகவே நின்றுவிடும், ஏனென்றால் தளத்துக்கு மேலேயோ கீழேயோ தள்ள விசை எதுவும் இல்லை. இரண்டு அணுவைக் கையால் லேசாக மேலே இழுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் நகரும்.

கேட்டச்சினை வரையும்போது ஆப்புக் கோடுகளை விட்டுவிட்டால், முப்பரிமாணமாக்கும் நிரல் தனக்குத் தோன்றிய பக்கம் திருப்பிவிடும். கேட்டச்சின் கேட்டது எபிகேட்டச்சினாக வந்து நிற்கலாம், இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கார்பனின் திசை.

இரட்டைப் பிணைப்பு காணோமா? பிடிபி கோப்பில் அந்தத் தகவல் இருப்பதில்லை. அந்தச் சிறு மூலக்கூற்றின் எஸ்டிஎஃப்-ஐத் தரவுத்தளத்திலிருந்து தனியாக இறக்கித் திறந்து, «செட் வேலன்ஸ், 1» கொடுங்கள்.

அறிகுறி: ஆல்ஃபாஃபோல்டு படத்தில் நல்ல பகுதியெல்லாம் சிவப்பாக இருக்கிறது

பி-காரணி என்ற நெடுவரிசையை வைத்து நிறம் கொடுக்கும் பழக்கத்தால் வருவது. படிகக் கட்டமைப்பில் அந்த எண் கூடினால் அணு அதிகம் ஆடுகிறது என்று பொருள். ஆல்ஃபாஃபோல்டு அதே நெடுவரிசையில் நம்பகத்தன்மை மதிப்பெண்ணை எழுதுகிறது, அங்கே எண் கூடினால் நல்லது. 90-க்கு மேல் மிக நம்பகம், 70 முதல் 90 வரை பரவாயில்லை, 50-க்குக் கீழே அந்த வடிவத்தை நம்பி எதுவும் சொல்லக்கூடாது. நிற வரிசையைத் திருப்பிப் போட்டு, ஓரத்தில் அளவுகோலையும் வையுங்கள்.

நிறத்தில் இன்னொரு குழப்பம்: அணு நிறத்தில் சிவப்பு ஆக்சிஜன், நீலம் நைட்ரஜன். மின்னூட்டப் பரப்பில் சிவப்பு எதிர், நீலம் நேர். இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் பின் பெஞ்சு மட்டுமல்ல, முன் பெஞ்சும் குழம்பும்.

அறிகுறி: சுருள் தப்பான பக்கம் முறுக்குகிறது

மென்பொருளில் சரியாக இருந்து போஸ்டரில் தப்பாக வந்திருந்தால், வடிவமைக்கும்போது யாரோ படத்தை இட வலமாகத் திருப்பியிருக்கிறார்கள். தலைப்புக்கு இடம் வேண்டுமென்று ஃபிளிப் ஹாரிசான்டல் அடித்தால் எல்–அமினோ அமிலமெல்லாம் டி ஆகிவிடும். டிஎன்ஏ போட்ட பேனர்களில் இது சர்வசாதாரணம்.

சோதனை: சுருளை நட்டுக்குத்தாக நிறுத்தி, உங்கள் பக்கம் இருக்கும் இழைகளை மட்டும் பாருங்கள். கீழ் இடமிருந்து மேல் வலமாக ஏறினால் வலக்கைச் சுருள். ஆல்ஃபா சுருளும் வழக்கமான பி-டிஎன்ஏவும் அப்படித்தான் ஏற வேண்டும். படத்தை அரைச் சுற்றுச் சுழற்றித் தலைகீழாக்கினாலும் இந்தச் சோதனை மாறாது. இடம் வேண்டுமென்றால் மென்பொருளிலேயே மூலக்கூற்றைச் சுழற்றிப் புதுப் படம் எடுங்கள்.

அறிகுறி: ரே (ஒளி, நிழலோடு இறுதிப் படம் எடுக்கும் பைமால் கட்டளை) கொடுத்தால் லேப்டாப் உறைந்துபோகிறது

உறையவில்லை, கணக்குப் போடுகிறது. சித்திரை மாதத்தில் விசிறி மட்டும் ஓடும் அறையில் பிராசசர் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோணம் சரிபார்க்கும்போது «ரே 800, 600» போதும், கடைசிப் படத்துக்கு மட்டும் பெரிய அளவு. கோணத்தை «கெட்_வியூ» கொடுத்து வரும் 18 எண்களோடு ஒரு உரைக் கோப்பில் சேமித்துவையுங்கள். மின்சாரம் போனாலும் அதே கோணம் திரும்பக் கிடைக்கும். வீட்டில் புதிய பைமால், லேபில் பழையது என்றால் செஷன் கோப்பு திறக்காது. «செட் பிஎஸ்இ_எக்ஸ்போர்ட்_வெர்ஷன், 1.74» போட்டுவிட்டுச் சேமியுங்கள்.

அறிகுறி: திரையில் பளிச், அச்சில் மங்கல்

டிபிஐ எண்ணைப் பார்த்து ஏமாறாமல் பிக்சலைக் கணக்கிடுங்கள். ஆய்விதழின் ஒற்றைப் பத்தி சுமார் 85 மில்லிமீட்டர், 300 டிபிஐக்குக் கிட்டத்தட்ட 1000 பிக்சல் அகலம், 600-க்கு 2000. ஃபிளெக்ஸ் கடையில் கணக்கு அடியில் வரும். நான்கு அடி அகலம், மூன்று அடி உயரமுள்ள பேனர் முழுவதும் ஒரே படம் என்றால் 75 டிபிஐயில் 3600 பிக்சல் அகலம் போதும், தள்ளி நின்று பார்ப்பதற்கு அதற்கு மேல் எடுப்பது வீண். «ரே 3600, 2700» கொடுத்த பிறகு பிஎன்ஜியாகச் சேமியுங்கள்.

சரியான அளவில் எடுத்தும் மங்கினால் வழியில் யார் சுருக்கினார்கள் என்று தேடுங்கள். முதல் சந்தேகம் வாட்ஸ்அப். கடைக்காரருக்குப் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இரண்டாவது வேர்டு. ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில், கோப்பில் உள்ள படங்களைச் சுருக்காதே என்பதை டிக் செய்யாவிட்டால் சேமிக்கும்போது அதுவே குறைத்துவிடும்.

பளபள நீலம் அச்சில் ஊதாவாக வருவது மையின் இயல்பு. பைமாலில் «ஸ்பேஸ் சிஎம்ஒய்கே» கொடுத்தால் அச்சில் வரக்கூடிய நிறத்தைத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். பின்பகுதி வெள்ளையில் கரைந்து காணாமல் போனால் «செட் டெப்த்_கியூ, 0», கூடவே «செட் ரே_ட்ரேஸ்_ஃபாக், 0».

வினாத்தாளுக்கும் ஜெராக்ஸ் நோட்ஸுக்கும் நிறப் படமே வேண்டாம். நிழலெல்லாம் கறுப்புத் திட்டாகிவிடும். «செட் ரே_ட்ரேஸ்_மோட், 2» கொடுத்தால் கோட்டோவியம் மட்டும் வரும், நகலின் நகலிலும் தெளிவாக இருக்கும்.

அறிகுறி: தமிழ் லேபிள் கட்டங்களாக வருகிறது, அல்லது கடையில் கொம்பு இடம் மாறுகிறது

பைமாலின் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. லேபிளே போடாமல் படத்தை எடுத்து, இங்க்ஸ்கேப்பிலோ இம்ப்ரெஸ்ஸிலோ தமிழில் எழுதுங்கள். அடுத்த ஆபத்து டிடிபி கடை. அங்கே பழைய கோரல் டிராவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும் இருந்தால் «கொலாஜன்» என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்து ஓவியமாகிவிடும், எந்தக் கடையிலும் உடையாது. பிழை திருத்த எழுத்தாகவே உள்ள மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: முப்பரிமாண அச்சில் குச்சிகள் முறிகின்றன

ஹீமோகுளோபின் டெட்ராமர் ஏறக்குறைய 64 × 55 × 50 ஆங்ஸ்ட்ராம். ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு மில்லிமீட்டர் வைத்தால் கையில் அடங்கும். ஆனால் பைமாலில் குச்சியின் இயல்பான ஆரம் 0.25 ஆங்ஸ்ட்ராம், அதாவது அச்சில் அரை மில்லிமீட்டர் தடிமன். 0.4 மில்லிமீட்டர் நாசில் அதை ஒற்றை இழையாகத்தான் போடும், தாங்கி நிற்கும் சப்போர்ட்டைப் பிய்க்கும்போதே முறிந்துவிடும். ஆரத்தை 1.2-க்கு உயர்த்துங்கள். நாடாவும் இதே மாதிரி மெலிசு, அதையும் தடிக்க வைத்து, பக்கத்துப் பக்கத்துச் சுருள்களுக்கு நடுவே இரண்டு மூன்று குச்சி முட்டுக் கொடுங்கள். வகுப்பில் கைமாறிப் போகும் மாதிரி என்றால் நாடாவை விட்டுவிட்டுப் பரப்பு வடிவமே எடுக்கலாம்: நான்கு சங்கிலியையும் தனித்தனி எஸ்டிஎல் கோப்பாகக் கைமெராஎக்ஸிலிருந்து சேமித்து, தனித்தனி நிறத்தில் அச்சிட்டு ஒட்டலாம். ஒட்டும் முகங்கள் ஒன்றுக்குள் ஒன்று இடிக்காதிருக்க, சேர்மானத்தில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள்.